ஜன்னல் வந்தது, வண்டி நின்றது

2010 பிப்ரவரி 9 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த வீரர் ஒருவர், நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த என்டேவர் விண்வெளி ஓடத்தைப் படமெடுத்தார். படத்தின் அடியில் பூமி இருண்டு கிடக்கிறது. அதன் விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை. மேகம், மழை, புயல் என்று நாம் அறிந்த வானிலை முழுவதும் அந்தப் பட்டைக்குள் அடக்கம். பள்ளிப் பாடத்தில் கீழடுக்கு என்று படித்தது அதைத்தான். அதற்கு மேல் வெளிறிய மீளடுக்கு, பிறகு நீலம் கருமையில் கரையும் இடையடுக்கு. ஓடத்தின் கரிய நிழலுரு சரியாக இந்த அடுக்குகளின் மேல் படிந்திருக்கிறது. இறக்கை தெரிகிறது, வால் தெரிகிறது, திறந்து கிடக்கும் சரக்கறைக் கதவுகள் தெரிகின்றன. வேறு விவரம் எதுவும் இல்லை.

ஓடங்களின் முப்பது ஆண்டுகளில் எடுத்த படங்களில் எது சிறந்தது என்று கேட்டால், 1984இல் புரூஸ் மெக்கேண்ட்லெஸ் எந்தக் கயிறும் இல்லாமல் வெட்டவெளியில் மிதக்கும் படத்தைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். சேலஞ்சர் ஓடத்தின் ஜன்னல் வழியே ராபர்ட் கிப்சன் எடுத்தது அது. என்னைக் கேட்டால் என்டேவரின் நிழலுருவுக்குத்தான் முதலிடம். அழகு ஒரு காரணம். இன்னொன்று, அந்தச் சரக்கறைக்குள் இருந்த பொருள். இத்தாலியில் செய்த குப்போலா என்ற ஏழு ஜன்னல் கூண்டு அதில் இருந்தது. பக்கவாட்டில் ஆறு ஜன்னல்கள், பூமியைப் பார்த்தபடி நடுவில் ஒன்று. நடு ஜன்னலின் விட்டம் சுமார் 80 சென்டிமீட்டர். அதுவரை விண்வெளிக்குப் போன ஜன்னல்களில் அதுவே பெரியது. பிப்ரவரி 17 அன்று அதன் மூடிகள் திறந்தன.

ஓடங்கள் ஓய்வுபெறும் என்பது அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே முடிவாகிவிட்டது. 2004 ஜனவரியில் அமெரிக்க அதிபர் புஷ் அறிவித்த திட்டம் அது: நிலையத்தைக் கட்டி முடிக்க வேண்டும், பிறகு ஓடங்களை நிறுத்திவிட வேண்டும். ஆக, நல்ல ஜன்னல் வந்து சேர்ந்தபோது அதைக் கொண்டுவந்த வண்டிக்கு நாள் குறித்தாகிவிட்டது. பிறகு ஐந்து பயணங்கள்தான் பாக்கி. 2011 ஜூலை 21 அன்று அட்லாண்டிஸ் தரையிறங்கியதோடு 135 பயணங்களின் கணக்கு முடிந்தது. குப்போலாவும் ஓடங்களும் ஒன்றாக இருந்த காலம் பதினேழு மாதம். நாம் இன்று கணினித் திரையின் பின்னணியில் வைத்துக்கொள்ளும் ஓடப் படங்களில் கணிசமானவை அந்தக் குறுகிய காலத்தில் எடுத்தவை. அது தற்செயல் அல்ல என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தொடக்க காலத்தில் விண்வெளிப் பயணத் திட்டங்களில் கேமராவுக்குப் பெரிய மரியாதை இல்லை. 1962இல் ஜான் கிளென் கொண்டுபோன கேமரா, கோகோ பீச்சில் ஒரு மருந்துக் கடையில் சுமார் 40 டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பறந்த வால்டர் ஷிர்ரா, ஹூஸ்டன் கடையொன்றில் வாங்கிய ஹாசல்பிளாட் கேமராவைக் கொண்டுபோனார். ஒளி பட்டுத் தெறிக்காமலிருக்க அதன் பளபளப்பை நீக்கிக் கறுப்பு பூசினார்கள். சந்திரனுக்குப் போன கேமராக்கள் அந்த வம்சம். 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8இல் இருந்த பில் ஆண்டர்ஸ், நிலவின் விளிம்பில் பூமி எழுவதைக் கண்டு அவசரமாக வண்ணச் சுருள் கேட்டு வாங்கி எடுத்த படம் எந்த அட்டவணையிலும் இல்லாதது. இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது, நான் நீட்டவில்லை.

ஓடங்களின் காலத்தில் படமெடுப்பது அன்றாட வேலையாயிற்று. சுற்றுப்பாதையில் ஓடம் பெரும்பாலும் முதுகைப் பூமிக்குக் காட்டியபடி பறக்கும். அதனால் ஓட்டுநர் தளத்தின் உச்சியில் இருந்த இரண்டு ஜன்னல்கள் பூமியைப் பார்க்கும் ஜன்னல்களாயின. வீரர்களுக்கு நிலவியல் வகுப்பு எடுத்து, எந்த எரிமலை, எந்த ஆற்று முகத்துவாரம், எந்தக் காட்டுத்தீ என்று இலக்குப் பட்டியல் கொடுத்தனுப்பினார்கள். பிலிம் சுருள் ஓடத்தோடுதான் திரும்பி வரும். படம் நன்றாக விழுந்ததா என்பது ஹூஸ்டனில் கழுவிப் பார்த்த பிறகுதான் தெரியும். 1991 செப்டம்பரில் டிஸ்கவரியில் மின்னணு கேமரா ஒன்றை முதன்முதலாகச் சோதித்தார்கள். அதன்பின் பிலிம் மெல்ல விடைபெற்றது.

அந்தக் காலத்தின் மிக முக்கியமான படம் எடுக்கப்படாத படம். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா ஏவப்பட்டபோது எரிபொருள் வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்கட்டி இடது இறக்கையில் மோதியது. சுற்றுப்பாதையில் இருக்கும் ஓடத்தின் இறக்கையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். நிர்வாகம் அந்தக் கோரிக்கையை மேலே கொண்டுபோகவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். கிழக்கு டெக்சாஸில் சிதறிக் கிடந்தவற்றைத் தேடியவர்களுக்குக் கழுவாத பிலிம் சுருள் ஒன்று கிடைத்தது. அதைக் கழுவியபோது, ஏழு பேரும் சேர்ந்து மிதந்தபடி சிரிக்கும் குழுப் படம் வந்தது. பிலிமின் விதியைப் பாருங்கள்: எல்லாவற்றையும் எரித்த நெருப்பு அதை விட்டுவைத்தது.

அதன் பிறகு கேமரா பாதுகாப்புக் கருவியாயிற்று. 2005 ஜூலை 28 அன்று எய்லீன் காலின்ஸ் ஓட்டிய டிஸ்கவரி, நிலையத்துக்குச் சுமார் 180 மீட்டர் கீழே நின்று மெதுவாக ஒரு முழுக் குட்டிக்கரணம் போட்டது. நிலையத்தில் இருந்த செர்கெய் கிரிகாலேவும் ஜான் பிலிப்ஸும் ஆளுக்கொரு ஜன்னலில், 400 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் 800 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுமாகக் காத்திருந்தார்கள். ஓடத்தின் வயிறு முழுவதாகக் கண்ணில் படும் நேரம் சுமார் 90 விநாடி. அதற்குள் வெப்பம் தாங்கும் ஓடுகளை ஒரு மூலை விடாமல் படமெடுக்க வேண்டும். ஓர் ஓடத்தில் சுமார் 24,000 ஓடுகள் இருந்தன. அந்தப் பயணத்தில் ஓடுகளுக்கு இடையே திணித்திருந்த நிரப்புத் துணி இரண்டு இடங்களில் வெளியே துருத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆகஸ்ட் 3 அன்று ஸ்டீவ் ராபின்சன் வெளியே போய், ஓடத்தின் வயிற்றுக்கு அடியில் நின்று, இரண்டையும் விரலால் பிடித்து இழுத்துவிட்டு வந்தார்.

கரணம் போடும் ஓடத்தின் படங்களை ரசிப்பவர்கள் பலர். நீலக் கடலின் மேல் மல்லாந்து கிடக்கும் கறுப்பு வயிறு, வெள்ளை இறக்கை ஓரம், மூக்கின் சாம்பல் நிறம். ரசிக்கத்தக்கதுதான். ஆனால் எடுத்தவர் ஓட்டையும் கீறலையும் தேடித்தான் பொத்தானை அழுத்தினார். கடைசிப் பயணம் வரை இந்தக் கரணம் தொடர்ந்தது. ஓடங்களை இவ்வளவு கூர்மையாக, இவ்வளவு பக்கத்திலிருந்து, இவ்வளவு தடவை படமெடுத்ததற்குக் காரணம் அழகுணர்ச்சி அல்ல, கொலம்பியா. லென்ஸும் பழக்கமும் அந்தத் துயரம் கொடுத்தவை.

2010இல் மேலும் சில விஷயங்கள் கைகூடின. நிலையத்துக்கு நிக்கான் டி3எஸ் கேமரா வந்தது. முந்தைய கேமராக்கள் கரும்புள்ளியாய்ப் பதிவு செய்த இரவை அது நகரமாகக் காட்டியது. அதே ஆண்டு ஜனவரியில் நிலையத்தில் இணைய வசதி வந்தது. அதுவரை நாசா தேர்ந்து வெளியிட்ட படத்தைத்தான் உலகம் பார்த்தது. இப்போது ஜப்பானிய வீரர் சோய்ச்சி நொகுச்சி போன்றவர்கள் காலையில் எடுத்ததை மாலையில் தாங்களே வெளியிட்டார்கள். ஜன்னலும் கேமராவும் இணையமும் ஒரே ஆண்டில் சேர்ந்தன. மேலே இருந்தவர்கள் ஓடங்கள் இனி வராது என்று தெரிந்தவர்கள். தெரிந்தால் கை சும்மா இருக்குமா?

இந்தப் படங்களை எடுப்பது எளிது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நிலையத்துக்குக் கீழே தரை விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. ஷட்டர் ஆயிரத்தில் ஒரு விநாடி திறந்தாலும் ஏழு மீட்டர் நகர்ந்துவிடும். நீண்ட லென்ஸ் போட்டு ஒரு துறைமுகத்தைப் பிடிக்க வேண்டுமானால், ஓடும் ரயிலிலிருந்து ஒரு பனைமரத்தைக் கண்ணால் துரத்துவது போல் கேமராவை இலக்கோடு திருப்பிக்கொண்டே போக வேண்டும். இரவில் இன்னும் கஷ்டம். கால் விநாடி திறந்துவைத்தால் ஒன்றேமுக்கால் கிலோமீட்டருக்கு மேல் இழுபட்டு, தெருவிளக்குகள் எல்லாம் கோடுகளாகிவிடும்.

இதற்கு மருந்து கண்டவர் அமெரிக்க வீரர் டான் பெட்டிட். 2002 நவம்பரில் ஓடத்தில் ஏறிப் போனவர். மார்ச்சில் ஓடத்தில் இறங்க வேண்டியவர். கொலம்பியா விபத்தால் ஓடங்கள் நின்றுபோகவே மே மாதம் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில்தான் திரும்ப முடிந்தது. அங்கே இருந்த காலத்தில், கைக்குக் கிடைத்த உதிரி பாகங்களையும் கையில் பிடிக்கும் டிரில் ஒன்றையும் வைத்து, தரையின் ஓட்டத்துக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் தாங்கி ஒன்றைச் செய்தார். நகரங்களின் இரவு முகம் தெளிவாக விழுந்தது அதன் பிறகுதான். ஆள் இன்னும் ஓயவில்லை. 2024இல் மறுபடி நிலையத்துக்குப் போனார், 2025 ஜனவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவின் ஒளிவெள்ளத்தை மேலிருந்து எடுத்தார், தன் 70ஆவது பிறந்தநாளில் கசகஸ்தானில் இறங்கினார்.

ஜன்னல் கண்ணாடியும் சும்மா விடாது. அடுக்கடுக்கான கண்ணாடி ஒவ்வொன்றும் அறையின் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். விளக்கை அணைத்து, லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டித்தான் இரவுப் படம் எடுக்கிறார்கள். கதிரியக்கம் பட்டுக் கேமராவின் உணர்வியில் புள்ளிகள் பழுதாகிக்கொண்டே வரும். கொஞ்ச காலத்தில் கேமராவையே மாற்ற வேண்டியதுதான்.

ஓடங்களின் கடைசி மாதங்களில் எல்லோரும் ஏங்கிய படம் ஒன்று உண்டு. நிலையமும் அதில் இணைந்து நிற்கும் ஓடமும் முழுமையாகத் தெரியும் படம். ஓடத்திலிருந்து எடுத்தால் ஓடம் படத்தில் இருக்காது. நிலையத்திலிருந்து எடுத்தால் இரண்டும் துண்டு துண்டாகத்தான் வரும். மூன்றாவது கலம் ஒன்று விலகி நின்று எடுக்க வேண்டும். முன்னுதாரணம் இருந்தது: 1995 ஜூலையில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தை விட்டு அட்லாண்டிஸ் பிரியும்போது, அங்கிருந்த ரஷ்ய வீரர்கள் அனதோலி சொலவ்யோவும் நிகலாய் புதாரினும் சோயுஸைத் தற்காலிகமாகக் கழற்றிக்கொண்டு வெளியே போய் அந்தக் காட்சியைப் பிடித்தார்கள். அந்தப் புதாரின்தான் பின்னாளில் பெட்டிட்டோடு நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்.

2011 பிப்ரவரியில் டிஸ்கவரி இணைந்திருந்தபோது அரிய வாய்ப்பு வந்தது. ஐரோப்பிய, ஜப்பானியச் சரக்குக் கலங்களும் ரஷ்யக் கலங்களும் ஓடமும் ஒரே நேரத்தில் நிலையத்தில் நின்றன. சோயுஸில் சுற்றிவந்து படமெடுக்கலாம் என்று பேச்சு நடந்தது. அதற்கு நினைத்திருந்த சோயுஸ் புதிய ரகத்தின் முதல் கலம், அதை வைத்து விஷப்பரீட்சை வேண்டாம் என்று ரஷ்யர்கள் மறுத்துவிட்டார்கள். மறுத்ததில் தவறில்லை. ஆனால் அந்தக் கூட்டம் மறுபடி சேரவில்லை.

மே மாதம் என்டேவரின் கடைசிப் பயணம். மார்க் கெல்லி தலைமையில் வந்த ஓடம் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோதே திமித்ரி கந்திராத்தியெவ், கேடி கோல்மன், இத்தாலியர் பவுலோ நெஸ்போலி மூவரும் ஊர் திரும்ப வேண்டிய நாள் வந்தது. 23ஆம் தேதி அவர்களின் சோயுஸ் கழன்று சுமார் 200 மீட்டர் பின்வாங்கி நின்றது. நிலையம் தன் உடம்பைச் சுமார் 130 டிகிரி மெதுவாகத் திருப்பிக் காட்டியது. சோயுஸின் முன்பகுதியான சுற்றுக்கலனில் ஒரு ஜன்னல் உண்டு. நெஸ்போலி அங்கே போய் விண்வெளி உடையோடு, ஸ்டில் படமும் வீடியோவும் எடுத்தார். வேலை முடிந்ததும் இறங்குகலனுக்குத் திரும்பிக் கதவை அடைத்தாக வேண்டும். ஏனென்றால் சுற்றுக்கலன் பூமிக்கு வராது, வளிமண்டலத்தில் எரிந்துபோகும். படம் தப்ப வேண்டுமானால் மெமரி கார்டு ஆளோடு வர வேண்டும். வந்தது. கசகஸ்தான் புல்வெளியில் இறங்கி, கைமாறி, ஜூன் 7 அன்று உலகம் அந்தப் படங்களைப் பார்த்தது.

அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதலில் உறைப்பது அளவு. 37 மீட்டர் நீளமுள்ள ஓடம், ஏவுதளத்தில் அத்தனை கம்பீரமாக நின்றது, இங்கே நிலையத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிலையத்தின் முதுகெலும்புச் சட்டம் 109 மீட்டர். மறு கோடியில் ஐரோப்பியச் சரக்குக் கலம், நான்கு சூரியத் தகடுகளைப் பெருக்கல் குறி போல் விரித்துக்கொண்டிருக்கிறது. ஓடத்தின் சரக்கறை திறந்து காலியாக இருக்கிறது. அந்தக் காலியிடத்தில் ஏறி வந்தவைதான் சுற்றிலும் தெரியும் தூண்களும் அறைகளும் தகடுகளும் பெரும்பாலும். கட்டியவனும் கட்டிய வீடும் சேர்ந்து நிற்கும் ஒரே முழுப்படத் தொகுதி அதுதான். வீட்டைச் சுற்றி வேறு கோணங்களில் எடுக்க ஓடங்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்புதான் இருந்தது: ஜூலையில் அட்லாண்டிஸ் பிரியும்போது நிலையத்தைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி, அதுவரை யாரும் எடுக்காத பக்கங்களை எடுத்தார்கள்.

அட்லாண்டிஸ் பிரிந்த பிறகு எடுத்த இன்னொரு படமும் உண்டு. ஜூலை 21 அதிகாலை அது வளிமண்டலத்தில் நுழைவதை நிலையத்தில் இருந்தவர்கள் மேலிருந்து பிடித்தார்கள். மேகங்களின் மேல் வெளிறிய ஒரு வளைகோடு, அதன் நுனியில் ஒரு பிரகாசம். ஓடம் என்று தனியாக எதுவும் தெரியாது. சொல்லாவிட்டால் கீறல் என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஓடங்கள் போன பிறகு நிலையத்தை முழுதாகச் சுற்றிப் படமெடுக்க ஆள் இல்லை. அடுத்த முழுச் சுற்று 2018 அக்டோபரில் சோயுஸிலிருந்து, அதற்கடுத்தது 2021 நவம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்திலிருந்து. முதல் இடைவெளியே ஏழு ஆண்டுகள்.

இந்தப் படங்களை நம் பக்கத்தில் எப்படிப் பார்த்தோம் என்பதும் சொல்லத் தக்கது. 1966 செப்டம்பரில் ஜெமினி 11 கலம் 1,368 கிலோமீட்டர் உயரம் வரை ஏறிய பயணத்தில், பீட் கான்ராடும் ரிச்சர்ட் கார்டனும் தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒரே சட்டத்தில் பிடித்தார்கள். இடப்பக்கம் அரபிக்கடல், வலப்பக்கம் வங்காள விரிகுடா. பள்ளி வரைபடத்தில் கோடாகப் பார்த்த கரை நிஜமாக இருப்பதைக் காட்டிய படம் அது. பிற்பாடு ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான மணல்திட்டு வரிசையின் நாசா படங்கள் 2002இல் வேறு காரணத்துக்காகப் பரவின. பதினேழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் மனிதர் கட்டிய பாலம் என்று நாசாவே சொல்லிவிட்டதாகச் செய்தி. படம் எங்களுடையதாக இருக்கலாம், விளக்கம் எங்களுடையது அல்ல என்று நாசா மறுத்தது. மேலிருந்து எடுத்த படம் ஒன்றின் வயதையோ கட்டியவர் யார் என்பதையோ சொல்லாது. சேதுசமுத்திரச் சண்டையில் இதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வரும் ‘தீபாவளி இரவில் இந்தியா’ இன்னொரு வேடிக்கை. அது எந்த வீரரும் எடுத்த படமே அல்ல. வெவ்வேறு ஆண்டுகளில் செயற்கைக்கோள் பதிவுசெய்த விளக்கொளியை நிறம் பிரித்து அடுக்கி 2003இல் தயாரித்த வரைபடம். கூடிவரும் மின்விளக்குகளைக் காட்டுவதற்காகச் செய்தது. வீரர் எடுத்த படத்தில் அப்படிப் பல நிறங்களில் நாடு ஜொலிக்காது. ஒரு சாய்கோணம் இருக்கும், ஓரத்தில் சூரியத் தகடு ஒன்று குறுக்கிடும், கொஞ்சம் மேகம் மறைக்கும். யாரோ ஒருவர் அந்த நொடியில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார் என்பதற்கு அவைதான் அடையாளம். செயற்கைக்கோள் தன் கீழ் உள்ளதை வரிசையாக வாரிக்கொண்டு போகும், திரும்பிப் பார்க்காது.

இந்தப் படங்களின் கோப்பில் நேரமும், அப்போது நிலையம் எந்த இடத்துக்கு மேலே இருந்தது என்பதும் பதிவாகும். கேமரா எந்தப் பக்கம் பார்த்தது என்பது பதிவாகாது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நகரமாகக்கூட இருக்கலாம். யாராவது உட்கார்ந்து ஆற்று வளைவையும் சாலையையும் ஒப்பிட்டு இடம் சொல்ல வேண்டும். இரவு நகரங்களை இப்படி அடையாளம் காண மாட்ரிட்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பொதுமக்களைக் கூட்டி ஒரு திட்டமே நடத்தினார்கள்.

இப்போது நிலையத்துக்கே நாள் குறித்தாகிவிட்டது. 2030 வரை இயக்குவது, பிறகு தென் பசிபிக்கில் ஆளில்லாத பரப்பில் விழச் செய்வது என்பது திட்டம். 420 டன் எடையை இழுத்துக் கீழே தள்ளும் கலத்தைச் செய்ய 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒப்பந்தத்தின் உச்சவரம்பு 84.3 கோடி டாலர். குப்போலாவும் அதோடு போகும். சுபான்ஷு சுக்லா 2025இல் நின்று பார்த்த ஜன்னல் அது. தனியார் நிலையங்கள் வரும் என்கிறார்கள், அவற்றிலும் ஜன்னல் இருக்கும். ஆனால் அங்கே இருப்பவர்கள் எடுக்கும் படம் இப்போது போல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுவுடைமையாக இருக்குமா என்பது அந்தந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அரசுச் செலவில் எடுத்தது என்பதால்தான் இன்று அவை எல்லோருடையவையாகவும் இருக்கின்றன. இனி போடும் ஒப்பந்தங்களில் இதை ஒரு வரியாவது எழுதிவைக்க வேண்டும்.

கூடவே இன்னொன்றும். கடைசிக் குழு கிளம்பும் கலம் நிலையத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் படமெடுத்துவிட்டு வர வேண்டும் என்பதைப் பயணத் திட்டத்தில் இப்போதே சேர்த்துவிட வேண்டும். கிளம்பும் வாரத்தில் பேச ஆரம்பித்தால் 2011 பிப்ரவரியில் கிடைத்த பதில்தான் கிடைக்கும்.